வார்ப்பட்டைத் தாங்கியும் காப்புரிமையும்

கட்டுக்கயிறோ வாரோ இல்லாத வண்டியை நம் தஞ்சை நாட்டிற் காண்டல் அரிது. மாட்டின் கழுத்தை நுகத்தடியோடு சேர்ப்பது பூட்டாங்கயிறு. வைக்கோற் பாரத்தை வண்டியின் மேல் நிலைநிறுத்துவதும் கயிறே. வாய்க்காற்கரை வழியே வயல் பார்க்கச் செல்லும் உழவர், மண்வெட்டியைத் தம் சைக்கிளின் குறுக்குச் சட்டத்தோடு சேர்த்து, பழைய டியூபிலிருந்து அறுத்தெடுத்த இரப்பர் வாரினாற் சுற்றிக் கட்டிக்கொள்கிறார். பால்காரர் பாற்கேனையும், திருவையாற்றுப் பக்கத்து வாழைக்கொல்லைக்காரர் இலைக்கட்டையும் பிணைப்பது இவ்வாறே. மாடுகளின் இடத்தை டிராக்டர் பிடித்துக்கொண்ட பின்னரும் இவ்வழக்கம் ஒழியவில்லை. தண்ணீர் முறை வந்துவிட்டால் இரவு பகல் பாராது சேறடிக்க வேண்டியிருத்தலின், கூடுதல் விளக்கொன்றையும் குடிநீர்ப் பாத்திரத்தையும் கைக்கருவிப் பையையும் வண்டிச் சட்டத்தில் எங்கேனும் கட்ட வேண்டியதாகிறது. சட்டத்திலே துளையிட்டால் இரும்பின் பலம் குறையும். பற்றவைத்துவிட்டாலோ பிறகு கழற்ற இயலாது. ஆகவே சுற்றிக் கட்டும் வாரே யாவர்க்கும் எளிய துணையாய் நிற்கின்றது.

இங்ஙனம் ஒரு பொருளை வண்டிச் சட்டத்தோடு வாரினாலோ பட்டையினாலோ பற்றுவிக்கும் அமைப்பை, வார்ப்பட்டைத் தாங்கி என்று இக்கட்டுரையில் வழங்குவாம். அதனை ஒருவர் சிறிது திருத்திப் புதிதாய் அமைத்தால், பேடண்ட் எனப்படும் காப்புரிமையை அதற்கு அரசாங்கத்தாரிடம் பெறக்கூடுமோ என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள். வினா சிறிதாய்த் தோன்றலாம். ஆயின், விடை ஒரு பக்கம் சாய்ந்தால் உண்மையிற் புதியது கண்டவன் தன் உழைப்பின் பயனை இழப்பான். மறுபக்கம் சாய்ந்தால், கும்பகோணம் முதல் மன்னார்குடி வரையுள்ள சைக்கிள் கடைக்காரரெல்லாம் தாம் நெடுநாளாய்ச் செய்துவருவதைச் செய்தற்கு இன்னொருவனது அனுமதியை எதிர்பார்த்து நிற்க நேரும். கல்லூரி மாணவர் தாம் செய்த கருவிகளுக்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பிக்கும் வழக்கம் இந்நாளிற் பெருகியிருத்தலின், இஃது அவர்க்கும் அயலான செய்தியன்று.

காப்புரிமையாவது, புதியதொன்று கண்டவனுக்கும் பொதுமக்களுக்கும் இடையே அரசாங்கத்தார் முன்னின்று செய்துவைக்கும் ஓர் உடன்பாடு. கண்டவன் தன் கருவியின் மறைபொருளை ஒளியாது எழுதிக் கொடுத்தல் வேண்டும். அதற்கு ஈடாக, விண்ணப்பித்த நாள்முதல் 20 ஆண்டுகள் வரை அவனையன்றிப் பிறர் அதனைச் செய்யவும் விற்கவும் கூடாதென்று தடுக்கும் உரிமை அவனுக்கு அளிக்கப்படும். நம் நாட்டில் இவ்வகைச் சட்டம் முதன்முதல் 1856-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அவ்வாண்டிலேயே கல்கத்தாவிலிருந்த ஜார்ஜ் ஆல்பிரட் டி பென்னிங் என்னும் பொறியாளர், பங்கா இழுக்கும் யந்திரமொன்றிற்கு முதல் விண்ணப்பத்தைச் செய்தார். பங்காவை இழுப்பது கயிறாதலின், இந்தியக் காப்புரிமையின் வரலாறு கயிற்றிலே தொடங்கிற்று என்று வேடிக்கையாய்க் கூறலாம். நாடு விடுதலை பெற்ற பின், நீதிபதி இராஜகோபால ஐயங்கார் இப்பொருளை முற்றும் ஆராய்ந்து 1959-இல் ஓர் அறிக்கை அளித்தார். அதனை அடிப்படையாகக் கொண்டு எழுந்த 1970-ஆம் ஆண்டுச் சட்டம் 1972-இல் நடைமுறைக்கு வந்தது. பின்னர் 1999, 2002, 2005 ஆகிய ஆண்டுகளிற் சில திருத்தங்களைப் பெற்று, இன்று வழங்குவது அச்சட்டமே.

காப்புரிமை வேண்டும் பொருள் புதியதாயிருத்தல் வேண்டும். புனைதிறன் உடையதாயிருத்தல் வேண்டும். தொழிலிற் பயன்படுவதாயும் இருத்தல் வேண்டும். வார்ப்பட்டைத் தாங்கி தொழிலுக்குப் பயன்படும் என்பதில் ஐயமில்லை. வேளாண்மை செய்யும் முறைக்குக் காப்புரிமை இல்லையென்று சட்டம் தனியே விலக்கியிருப்பினும், டிராக்டரில் விளக்கைப் பொருத்தும் பிடி ஒரு கருவியேயன்றி வேளாண் முறையன்று. ஆதலின் அவ்விலக்கு இங்குக் குறுக்கிடாது. எஞ்சியவை புதுமையும் புனைதிறனும்.

புதுமையென்பது, நம் ஊருக்குப் புதியது என்ற அளவில் நின்றுவிடுவதன்று. உலகில் எம்மூலையிலேனும், எம்மொழியிலேனும் அச்சேறி வெளிவந்திருப்பின் அது பழையதே. வார்களின் சரித்திரத்தைச் சிறிது நோக்கினால் இப்படி எவ்வளவு உயர்ந்தது என்பது புலனாம். ரப்பர்க் குழாயை இரும்புக் குழாயோடு இறுக்குதற்கு நம் பம்ப் செட்டுகளிலும் வண்டிகளிலும் வழங்கும் திருகுப் பட்டையைப் பலரும் அறிவர். ஜூபிலி கிளிப் என்னும் பெயர்பெற்ற அவ்வகைப் பட்டைக்கு, ஆங்கிலக் கடற்படையிற் பணியாற்றிய லம்லி ராபின்சன் என்பார் 1921-இல் இலண்டனிற் காப்புரிமை பெற்றார். மின்கம்பிகளைக் கட்டப் பயன்படும் பற்களுடைய பிளாஸ்டிக் கட்டு, விமானத்திற் செல்லும் கம்பிக் கற்றைகளின் பொருட்டு 1958-இல் அமெரிக்காவில் மாரஸ் லோகன் என்பவரால் அமைக்கப்பட்டது. ஒட்டுப்பட்டையோ சுவிட்சர்லாந்து நாட்டு ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் கண்டது. 1941-இல் வேட்டைக்குச் சென்று திரும்பியவர், தம் உடையிலும் நாயின் மயிரிலும் ஒட்டியிருந்த முட்காய்களைப் பூதக்கண்ணாடியால் நோக்கினாராம். நாயுருவி நம் வேட்டியிலும் ஒட்டத்தான் செய்கிறது. நாம் உதறிவிட்டுப் போய்விடுகிறோம். அவர் அக்கொக்கியின் இரகசியத்தைத் துணியில் அமைக்கப் பல்லாண்டு முயன்று, 1955-இல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார். இவையெல்லாம் காலங்கடந்து இன்று பொதுச் சொத்தாகிவிட்டன. யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆயின் எவரும் இவற்றைத் தம் புதுமையென்று உரிமை கொண்டாட இயலாது.

அச்சேறாத பழமையும் பழமையே. உள்ளூர் மக்களிடையே வாய்மொழியாகவேனும் வழங்கிவரும் அறிவு ஒன்று உளதென்று காட்டி, ஒருவனது விண்ணப்பத்தை மறுக்கச் சட்டம் இடந்தருகின்றது. ஆகவே பூட்டாங்கயிற்றின் முடிச்சும், வைக்கோற்புரியாற் கட்டும் கட்டும், டியூப் வாரைக் குறுக்கே மாற்றிச் சுற்றும் சுற்றும் புத்தகத்தில் இல்லையென்பது கொண்டு எவரும் அவற்றைக் கவர்ந்துகொள்ள முடியாது. இச்சட்டத்தில் எமக்கு மிகவும் உவப்பான பகுதி இதுவே.

இனிப் புனைதிறனைக் காண்போம். வழக்கின் உயிர்நிலை இங்கேதான் இருக்கின்றது. அத்துறையிற் பயின்ற ஒருவனுக்கு எளிதில் தோன்றக்கூடியதாயின் அது புனைதிறன் ஆகாது. மேலும், அறியப்பட்ட கருவிகளை வெறுமனே சேர்த்து வைத்தலும், மாற்றி வைத்தலும், இரட்டித்து வைத்தலும், ஒவ்வொன்றும் தன் பழைய வேலையைத் தனித்தனியே செய்துகொண்டிருக்குமாயின், காப்புரிமைக்கு உரியனவல்ல என்று சட்டத்தின் 3-ஆம் பிரிவு கூறுகின்றது. வார், கொக்கி, தாங்கி ஆகிய மூன்றும் பழையனவாதலின், இவ்விதியே வார்ப்பட்டைத் தாங்கிக்குப் பெருந்தடை.

இவ்விதியின் கருத்தை விளக்க 1890-இல் இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கைக் கூறுவதுண்டு. இறைச்சியைக் கொத்தும் பொறி ஒன்று. கொத்தியதைக் குடலுறையில் அடைக்கும் பொறி மற்றொன்று. இரண்டையும் ஒரே சட்டத்தில் ஒருவர் இணைத்தார். வேலை விரைவாயிற்று, விற்பனையும் நன்றாய் நடந்தது. எனினும், கொத்துவது பழையபடி கொத்திற்று, அடைப்பது பழையபடி அடைத்தது. இணைத்ததிற் புனைவு யாதுமில்லை என்று நீதிமன்றம் அவ்வுரிமையைச் செல்லாதாக்கிற்று.

நம் நாட்டில் இதற்கு நிகரான வழக்கு உத்தரப் பிரதேசத்து மிர்சாப்பூரிலிருந்து வந்தது. அதனைச் சற்று விரித்துரைத்தல் தகும். ஏனெனில் அதுவும் ஒரு பொருளை இன்னொன்றில் நழுவாமற் பிடித்து நிறுத்தும் பிடியைப் பற்றியதே. மிர்சாப்பூர் பாத்திரத் தொழிலுக்குப் பேர்போன ஊர். கடைசல் எந்திரத்தின் தலைப்பகுதியிற் பாத்திரத்தை ஒட்டி நிறுத்திச் சுழலவிட்டுத் தேய்த்து மெருகிடுவர். ஒட்டவும் பிரிக்கவும் பொழுது வீணாகும்; பாத்திரம் நழுவினால் தொழிலாளிக்கும் தீங்கு நேரும். இந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் என்னும் கூட்டு நிறுவனத்தார், எதிர்ப்பக்கத்திலிருந்து அழுத்தும் தண்டொன்றினாற் பாத்திரத்தை இறுகப் பிடிக்குமாறு செய்து, 1951-இல் விண்ணப்பித்துக் காப்புரிமை பெற்றனர். அவ்வூரிலேயே அத்தொழில் செய்த பிஸ்வநாத் பிரசாத் ராதேசியாம் நிறுவனத்தார் மேல் வழக்குத் தொடர்ந்தபோது, எதிரிகள் அவ்வுரிமையே செல்லாதென்று வாதிட்டனர். அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் முதலில் விசாரித்த நீதிபதி உரிமையை நீக்கினார். மேன்முறையீட்டில் இருவர் ஆயம் அதனை மீட்டளித்தது. இறுதியில் உச்ச நீதிமன்றம் 1978-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், முன்னரே வழக்கிலிருந்த அமைப்பைப் பட்டறைத் தொழிலாளி தன் அன்றாட அறிவாற் செய்துகொள்ளக்கூடிய திருத்தமே இஃது என்று தீர்ப்பளித்து உரிமையை ஒழித்தது.

அத்தீர்ப்பிலே இரண்டு பக்கமும் பேசப்பட்டிருத்தலை மாணவர் கவனித்தல் நலம். பழைய உறுப்புக்களைச் சேர்த்ததனாலேயே ஒன்று காப்புரிமைக்குத் தகாததாகிவிடாது. உறுப்புக்கள் ஒன்றையொன்று தழுவி இயங்கி, அதனாற் புதியதொரு பயனோ, முன்னிலும் சிறந்த அல்லது மலிந்த பொருளோ விளைதல் வேண்டும். அவ்விளைவிற்குப் புனைதிறனும் காரணமாயிருத்தல் வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 2007-இல் இவ்வழியே சென்றது. காரின் வேகமிதியை முன்பின் நகர்த்தக்கூடிய அமைப்பும் பழையது, மிதியின் நிலையை உணர்த்தும் மின்கருவியும் பழையது. அக்கருவியை அசையாத அச்சில் பொருத்தியதையே ஒருவர் தம் புனைவென்று உரிமை பெற்றிருந்தார். வேலையறிந்த எவனும் பொருத்தக்கூடிய இடம் அதுதான் என்று நீதிமன்றம் அவ்வுரிமையைத் தள்ளிற்று.

இவற்றை நம் டிராக்டர் விளக்கிற்குப் பொருத்திப் பார்ப்போம். கேஜ் வீல் பூட்டிய டிராக்டர் சேற்றில் இறங்கினால் அதன் அதிர்வு சொல்லுந்தரமன்று. உருண்டைக் குழாயிற் சுற்றிய வார், சேறும் நீரும் பட்டு வழுக்கிச் சுழன்றுவிடும். விளக்கு வானத்தை நோக்கும் அல்லது கவிழ்ந்து தொங்கும். ஒரு மாணவர் இதனைக் கண்டு, வாரின் அடியில் ஆங்கில வி எழுத்துப் போன்ற பள்ளமுள்ள கட்டை ஒன்றை வைத்து, எவ்வளவு பருத்த குழாயிலும் அமரும்படி செய்கிறார் எனக் கொள்வோம். பயன் நல்லதே. ஆயின் உருண்டைத் தண்டை நிறுத்துதற்கு வி வடிவப் பள்ளம் எல்லாப் பட்டறைகளிலும் உள்ளது. வார் கட்டுகிறது, கட்டை தாங்குகிறது; எதிர்பார்த்தபடியே நடக்கிறது. காப்புரிமை கிட்டாது. வாரைத் தோலிலிருந்து நைலானுக்கு மாற்றினாலும், கொக்கியை இரண்டாக்கினாலும், சைக்கிளில் இருந்ததை டிராக்டரில் வைத்தாலும் முடிவு இதுவே.

மற்றொரு மாணவர் வேறு வழியிற் செல்கிறார். வாருக்கும் குழாய்க்கும் இடையே சாய்ந்த ஆப்பொன்றை நகரும்படி அமைத்து, விளக்கின் பாரமும் வண்டியின் அதிர்வும் அவ்வாப்பைக் கீழே தள்ளத் தள்ள வார் தானே மேன்மேலும் இறுகுமாறு செய்கிறார். வாரைத் தளர்த்துவதாய் எல்லாரும் வெறுத்த அதிர்வே இங்கு வாரை இறுக்கும் வேலையைச் செய்கின்றது. வாரும் ஆப்பும் தாங்கியும் இப்போது தனித்தனியே நில்லாமல் ஒன்றனால் ஒன்று இயங்குகின்றன. இத்தகையதே சட்டம் கருதும் தழுவிய இயக்கம். ஆயினும் அவர் உடனே மகிழ்ந்துவிடலாகாது. இழுக்க இழுக்க இறுகும் சுருக்கு மாடு கட்டும் சிறுவனுக்கும் தெரிந்ததே. ஆப்பு இறங்க இறங்க இறுகுதல் மண்வெட்டிக்குக் காம்பு போடுபவனுக்கும் தெரிந்ததே. காப்புரிமை அலுவலகத்துத் தேர்வாளர் இவ்விரண்டையும் எடுத்துக்காட்டி, சேர்த்தலில் அருமை யாது என்று வினவுவார். முன்னோர் முயன்றும் தீராத குறை இஃது என்பதையும், அதிர்வு மிக்க இடத்தில் ஆப்பு வைத்தால் கழன்றுவிடும் என்றே தொழிலாளர் எண்ணியிருந்தனர் என்பதையும், தம் அமைப்பு எத்தனை மணி நேரம் தளராது நின்றது என்பதையும் அவர் அளந்து காட்ட வல்லராயின் விடை அவர் பக்கம் சாயலாம். வெறும் சொல்லைவிட அளவெடுத்த குறிப்பேடு ஆயிரம் மடங்கு வலியது.

வண்டியோடு ஒன்றை இணைத்தல் காப்புரிமைக்கு உரியதாகவே ஆகாது என்று எவரும் சோர்வுற வேண்டா. குஜராத்தில் அம்ரேலி மாவட்டத்து மன்சுக்பாய் ஜகானி என்னும் பட்டறைக்காரர், புல்லட் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தை நீக்கி, அவ்விடத்தில் இரு சக்கரங்களும் உழுகருவிகள் பூட்டும் சட்டமும் கொண்ட இணைப்பொன்றை 1994-ஆம் ஆண்டளவில் அமைத்தார். மாடு வைத்துக்கொள்ள வசதியில்லாத வறண்ட நிலத்து உழவர்க்கு அது பெருந்துணையாயிற்று. புல்லட் சாந்தி எனப் பெயர்பெற்ற அக்கருவிக்கு இந்தியாவிலும் அமெரிக்காவிலும் காப்புரிமை கிடைத்தது. மோட்டார் சைக்கிளும் பழையது, உழுகருவியும் பழையது. இரண்டும் சேர்ந்தபோது சாலையில் ஓடும் வண்டி வயலில் உழும் யந்திரமாயிற்று. நம் காவிரிப் படுகையின் ஆழ்ந்த சேற்றிற்கு அது பொருந்துமா என்பது வேறு கேள்வி.

உரிமை கிடைத்துவிட்டாலும் அது கற்சாசனமன்று. சட்டமே, அலுவலகம் அளித்தது கொண்டு உரிமை செல்லுமென்று அரசாங்கம் உறுதி கூறியதாகாது என்கிறது. ஓசூர் டி.வி.எஸ். மோட்டார் நிறுவனத்தார்க்கும் புனே பஜாஜ் நிறுவனத்தார்க்கும் சிறிய எஞ்சினில் இரண்டு ஸ்பார்க் பிளக் வைக்கும் காப்புரிமையைப் பற்றி எழுந்த வழக்கில், சென்னை உயர்நீதிமன்றத்துத் தனி நீதிபதி 2008-இல் விதித்த தடையை 2009-இல் இருவர் ஆயம் நீக்கியது. பெருநிறுவனங்களின் கதியே அதுவாயின் சிறு பட்டறையின் கதியை என்னென்பது.

ஆகவே விண்ணப்பத்தில் உரிமைக்கோரிக்கை எழுதுங்கால் ஆசையை அடக்கல் வேண்டும். எப்பொருளையும் எவ்வண்டியிலும் வாராற் பிணைக்கும் தாங்கி என்று எழுதினால், மண்வெட்டி கட்டிய முதற் சைக்கிளே அதனை அழித்துவிடும். சாய்ந்த ஆப்பு, அது நகரும் வழி, அது வாரை இழுக்கும் இடம் என்று குறுக்கி எழுதினால், பரப்புச் சிறிதாயினும் வேலி உறுதியாயிருக்கும். அகன்ற கோரிக்கையொன்று வெளியாவதைக் கண்டால் கடைக்காரரும் உழவரும் வாளாவிருக்க வேண்டுவதில்லை. உரிமை அளிக்கப்படுவதற்கு முன் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு கொடுக்கலாம். அளித்த பின்னும் ஓராண்டிற்குள் அதனாற் பாதிக்கப்படுவோர் எதிர்க்கலாம். நாள் குறித்த பழைய படமோ, கடைப் பட்டியலோ இருப்பின் அதுவே தக்க சான்று.

விண்ணப்பிக்குமுன் தேடுதல் முதற்கடமை. இந்திய அலுவலகத்துப் பதிவுகளை இணையத்தில் விலையின்றிப் பார்க்கலாம். உலகத்துக் காப்புரிமைகளெல்லாம் வகுத்து எண்ணிடப்பட்டுள்ளன. வண்டிகளிற் பொருள்களைத் தாங்கும் அமைப்புக்கள் பி60ஆர் என்னும் வகுப்பிலும், சைக்கிளுக்குரியவை பி62ஜே என்பதிலும், இறுக்கும் பட்டைகள் எஃப்16பி என்பதிலும் காணப்படும். இம்மூன்றிலும் ஒரு வாரம் உலாவி வந்தவர், தம் புதுமையிற் பாதி கரைந்துபோனதைக் காண்பர்; எஞ்சிய பாதிதான் விண்ணப்பத்திற்கு உரியது.

நம் பகுதியினர் விண்ணப்பிக்க வேண்டிய இடம் சென்னைக் கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகம். தஞ்சாவூர் வீணைக்கும் தலையாட்டிப் பொம்மைக்கும் புவிசார் குறியீடு வழங்கிய பதிவகமும் கிண்டியிலேயே உள்ளது. ஆயின் அவ்வுரிமை வேறு, இது வேறு. கருவி முற்றுப்பெறாவிடினும் தற்காலிக விவரக்குறிப்பு ஒன்றைக் கொடுத்து நாளைப் பதிந்துகொள்ளலாம். முழு விவரத்தை 12 மாதங்களுக்குள் அளித்தல் வேண்டும். தனியொருவர் இணையவழி விண்ணப்பித்தால் தொடக்கக் கட்டணம் 1600 ரூபாய். கல்வி நிலையங்களுக்கும் 2021-ஆம் ஆண்டு முதற்கொண்டு கட்டணக் குறைப்பு உண்டு. சிறு புனைவுகளுக்கென ஜெர்மனியில் 1891 முதல் வழங்கும் எளிய உரிமை போன்றதொன்று நம் நாட்டில் இல்லை; அது வேண்டுமென்பது எம் கருத்து. தாங்கியின் உருவம் மட்டும் புதிதாயிருப்பின், வடிவமைப்புச் சட்டத்தின்படி 10 ஆண்டுகளுக்குப் பதிந்து மேலும் 5 ஆண்டுகள் நீட்டிக்கொள்ளலாம். ஆயின் அது தோற்றத்தைக் காக்குமேயன்றி இயக்கத்தைக் காவாது.

ஒன்று சொல்ல எஞ்சியது. கல்லூரிப் பொருட்காட்சியில் மாணவர் தம் கருவியை வைத்து வருவோர்க்கெல்லாம் விளக்குவது வழக்கம். விண்ணப்பிக்குமுன் அங்ஙனம் காட்டிய பொருள் அன்றோடு உலகறிந்ததாகிவிடும். மத்திய அரசாங்கத்தார் அறிவித்த காட்சிகளுக்கும், அறிஞர் கழகத்தின்முன் படிக்கும் கட்டுரைகளுக்கும் 12 மாத விலக்கு உண்டு; சாதாரணக் கல்லூரிக் காட்சிக்கு அவ்விலக்கு இல்லை. வயலில் வைத்துத்தான் சோதிக்க வேண்டுமென்றால், அத்தகைய தக்க சோதனைக்கு ஓராண்டு இடந்தரப்பட்டுள்ளது. ஆண்டு மலரில் எழுதுவதும் வெளியிடுதலேயாம். மேலே யாம் எடுத்துக்காட்டிற்காகச் சொன்ன ஆப்பு வைத்த தாங்கியும் இம்மலர் வெளிவரும் நாள்முதல் பழையதாகிவிடுமாதலின், அதற்கு இனி எவரும் உரிமை கோர இயலாது. விருப்பமுள்ள எவரும் அதனைச் செய்து தம் டிராக்டரிற் கட்டிப் பார்க்கலாம்.